நாக்கில் இரும்பு

ஜனவரி 9, வியாழன்

இன்று ஐந்து கோப்பை பீச் டீ. சுவை பார்க்கும் அறையில் வழக்கம்போல நானும் மூக்கரும் மட்டும். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மூக்கு பெரிது, அது பொய் சொன்னதும் இல்லை. அதனால் எல்லாருக்கும் மூக்கர். வெறும் தேயிலை அவர் பொறுப்பு. வாசனை சேர்த்த டீயும் மூலிகை வகைகளும் என் பொறுப்பு. மூலிகை வகைகளை அவர் கஷாயம் என்பார். விற்பனைப் பிரிவில் அதைக் கேட்டால் முகம் சுண்டிப்போகும், இன்ஃப்யூஷன் என்றுதான் சொல்ல வேண்டுமாம். சரி, இன்ஃப்யூஷன் கஷாயம் என்று திருத்திக்கொள்வார்.

மூன்றாவது கோப்பையிலிருந்து ஒரு கரண்டி உறிஞ்சி, நாக்கில் உருட்டி, தொட்டியில் துப்பினேன். பீச் வந்தது. டீயின் துவர்ப்பு வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று - பழைய சாவியை வாயில் வைத்தது போல. கோப்பையில் ஏதோ கோளாறு என்று வெந்நீரில் கழுவி மறுபடி ஊற்றினேன். அதே. நான்காவதிலும் அதே. வெறும் தண்ணீரிலும் அதே.

மூக்கரைக் குடித்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை, ஷாம்பு மாதிரி இருக்கிறது, பீச் டீ என்றால் அப்படித்தானே இருக்கும் என்றார்.

எனக்கு இந்த இரும்பைத் தெரியும். தெரியாதது மாதிரி மதிப்பெண் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜனவரி 11, சனி

சோதனைக் குச்சியில் இரண்டு கோடு.

இவரிடம் காட்டினேன். சந்தோஷப்படலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

போன முறை எல்லாருக்கும் சொன்னோம். அலுவலகத்தில், மாடி வீட்டில், காய்கறிக் கடையில்கூட. மூன்றாம் மாதத்தில், சொன்ன வாயாலேயே ஒவ்வொருவரிடமும் இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது. சிலர் மாதக்கணக்கில் கழித்து, வயிற்றைப் பார்த்துக்கொண்டே விசாரித்தார்கள்.

இன்னொன்று இவருக்கு மட்டும்தான் தெரியும். அப்போதும் நாக்கில் இந்த இரும்புதான் இருந்தது. ஒரு நாள் காலை அது போய்விட்டது. டீ டீயாக இருந்தது. அப்பாடா என்று இரண்டு கோப்பை குடித்தேன். மறுநாள் ரத்தம்.

இந்த முறை யாருக்கும் சொல்லக் கூடாது. அந்த மாதம் தாண்டட்டும்.

ஜனவரி 20

டாக்டரம்மா எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். என் வேலையைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். டீயைத் துப்பிவிடுகிறீர்கள், பரவாயில்லை, மூலிகை வேண்டாம். அதிமதுரம், அது இது என்று எதில் என்ன கலந்திருக்கிறதோ, வாயிலேயே வைக்காதீர்கள் என்றார். அலுவலகத்தில் சொல்லிவிடச் சொன்னார். தலையாட்டினேன்.

எப்படிச் சொல்வது? தூங்கப் போகும் முன் குடிக்கும் மூலிகை வகை ஒன்றையும், வாசனை டீ ஒன்றையும் ஒரு பெரிய ஹோட்டல் நிறுவனத்துக்காகத் தேர்ந்தெடுக்கிறோம். மார்ச் தொடக்கத்தில் அவர்கள் ஆள் வருகிறார். அதற்குள் எல்லாக் கலவையையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு நான் மதிப்பெண் தர வேண்டும்.

ஏதாவது செய்யலாம். மூக்கு இருக்கிறதே.

பிப்ரவரி 3, திங்கள்

மூக்கு இருக்கிறது, வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. லிஃப்டில் ஒருவர் நேற்றுப் போட்ட சட்டையையே இன்றும் போட்டிருந்தார், தெரிந்துவிட்டது. சீமைச்சாமந்தி ஈர வைக்கோலாக நாறுகிறது. புதினா கண்ணைக் குத்துகிறது. எலுமிச்சைப்புல் மட்டும் கொஞ்சம் தாங்குகிறது.

இன்று மூலிகைக் கலவை ஆறு. கரண்டியை உதடு வரை கொண்டுபோய், சத்தமாகக் காற்றை உறிஞ்சி, ஒன்றுமில்லாத வாயால் தொட்டியில் துப்பினேன். இப்படியே மூன்று கோப்பை. பிறகு மூக்கர் தன் மேசையிலிருந்து எழுந்து வந்து என் கோப்பைகளைப் பார்த்தார்.

"ஒரு சொட்டு குறையல. யார ஏமாத்துற?"

அழுகைதான் வந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்தார். சொன்னேன். போன முறை நடந்தது அவருக்குத் தெரியும். வாழ்த்துச் சொல்லவில்லை, அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம். ஆறாவது கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் குடிக்கிறேன். நீ கேட்டு எழுது."

பிப்ரவரி 5

மூக்கர் குடிப்பதும் நான் எழுதுவதும் நடக்கிற காரியமா? என் நாக்கில் இரும்பு இருப்பதால் வாசனை டீயும் அவரே குடிக்கிறார், அதைக் கண்டாலே அவருக்கு ஆகாது. செம்பருத்தியும் இஞ்சியும் சேர்ந்தது: 'சண்டை போட்டுட்டு ஒரே வீட்ல இருக்கிற மாதிரி.' வெனிலா டீ: 'பல்லாஸ்பத்திரி.' ஏலக்காயும் ஆரஞ்சுத் தோலும்: 'ம்ம். விருந்தாளி வீடு.' இதைத்தான் மனம் இறங்கிச் சொன்னது என்று எடுத்துக்கொண்டு ஏழு போட்டேன்.

முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கீழே கையெழுத்து என்னுடையது. நாக்கு அவருடையது.

பிப்ரவரி 12

காலையில் எழுந்ததும் முதல் வேலை ஒரு வாய்த் தண்ணீர். இரும்பு இருக்கிறது. அப்புறம்தான் பல் தேய்க்கிறேன். குமட்டினால் நிம்மதியாக இருக்கிறது.

பிப்ரவரி 19, புதன்

மேலாளர் மேடம் சுவை அறைக்கு வந்தார். என் மேசைக் கோப்பைகள் மூக்கர் மேசையில் ஏன் இருக்கின்றன என்று கேட்டார். கருத்துக் கேட்கிறேன் என்றேன். இந்த ஆர்டர் போனால் மூலிகைப் பிரிவே இருக்காது என்றார். நான்காம் தேதி அந்த ஹோட்டல்காரர் முன்னால் நானே எல்லாவற்றையும் சுவைத்து ஒப்பிட்டுக் காட்ட வேண்டுமாம்.

"உங்க நாக்க நம்பித்தான் வரச் சொல்லிருக்கேன்."

வீட்டில் இவரிடம் சொன்னேன். சண்டை. அந்த மேடத்திடம் சொல்லித் தொலைத்தால் என்ன என்கிறார். நாளைக்கு ஒன்று ஆனால் இவரா போய் ஒவ்வொரு மேசையாக நின்று பதில் சொல்வார்? இவருக்கென்ன, லிஃப்ட் ரிப்பேர். நாள் முழுக்க ஏதாவது கட்டடத்தின் குழிக்குள் இருப்பார், ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். இதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். இவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்: "கேட்டாங்க. நான் உங்கிட்ட சொல்லல."



பிப்ரவரி 27

போன முறை எந்த வாரத்தில் நின்றதோ அந்த வாரம். எழுத வேண்டாம்.

மார்ச் 4, செவ்வாய்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் அவசரத்தில் தண்ணீர் சோதனை செய்யவில்லை. ஹோட்டல்காரர் நேரத்துக்கே வந்துவிட்டார், மெலிந்த, பேச்சுக் குறைந்த மனிதர். மேடம் அவர் பக்கத்தில். மூலிகை வரிசையை மூக்கர் தொடங்குவார், வாசனை டீயை நான் தொடங்குவேன் என்று நாங்களே மாற்றி வைத்திருந்தோம். பாதி வழி வரைக்குமாவது ஓட்டலாம் என்று.

ஏலக்காயும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்த டீ. ஒரு கரண்டி உறிஞ்சினேன்.

முதலில் தோலின் கசப்பு, மெல்லியதாக. அது கரைந்த இடத்தில் ஏலக்காய். இரண்டையும் தாங்கிக்கொண்டு கீழே டீ, கொஞ்சம் வறுத்த தானியம் போன்ற மால்ட் வாசனையோடு. நாக்கின் இரண்டு ஓரமும் விழித்துக்கொண்டன. எத்தனை வாரமாயிற்று. அவ்வளவு நன்றாக இருந்தது. வாயெல்லாம் சுத்தமாக, இனிப்பாக -

இரும்பு இல்லை.

இல்லவே இல்லை. தண்ணீர் எடுத்துக் குடிச்சேன். வெறும் தண்ணி. இன்னொரு வாய். தண்ணிதான். ஐயோ, போச்சா? மறுபடியுமா? அவர் ஏதோ கேட்கிறார், எனக்குக் காதில விழல. கரண்டிய வெச்சிட்டு எழுந்து போயிட்டேன்.

கழிவறையில் பார்த்தேன். ரத்தம் இல்லை. அப்போதும் டீ நன்றாக இருந்த அன்று ரத்தம் இல்லையே, மறுநாள்தானே. இவருக்குப் போன் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அடித்தேன். ஏதோ ஒரு குழிக்குள் இருக்கிறார்.

கதவுக்கு வெளியே மேடம் நின்றிருந்தார். வந்தவரை நடுவில் விட்டுவிட்டு இதென்ன என்று ஆரம்பித்தார். கை கழுவும் இடத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் அறைக்குப் போனார். வேலை போயிற்று என்று நினைத்தேன். பையையும் கார் சாவியையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

வழி முழுக்கத் திட்டினார். இந்த நிலையில் அந்த அறையில் உட்கார வைத்த பழி தனக்கா, மூலிகையை வாயில் வைத்தேனா, உண்மையாக வைக்கவில்லையா, யாரோ குடித்ததற்கு நான் மதிப்பெண் போட்டேனா, இத்தனை வருஷம் தன்னோடு வேலை செய்துவிட்டு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா. திட்டிக்கொண்டே வேகத்தடைகளில் மட்டும் காரை ஊர விட்டார், தூங்குகிற குழந்தையை ஏற்றிக்கொண்டு போவது போல. எனக்கு அழக்கூட வரவில்லை.

டாக்டரம்மா ஸ்கேன் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். போன முறையும் அப்படித்தான் திருப்பினார். கருவி வயிற்றில் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. நான் கூரையில் இருந்த நீர்க்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் பேச மாட்டேன் என்கிறார்? பேச வேண்டாம், பேசாமலே இருக்கட்டும் -

ஒரு பொத்தானை அமுக்கினார். அறையே இடித்தது. இதயத் துடிப்பு, குதிரை ஓடுவது போல.

"நல்லா இருக்கு. அளவும் சரியா இருக்கு. நாக்கு திரும்பி வர்ற காலந்தான் இது, நிறையப் பேருக்கு இப்படித்தான்."

அப்படியானால் போன முறை? கேட்டேன். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்றார். முடிச்சுப் போட்டு இத்தனை வாரம் ஆயிற்று அம்மா.

என் மெசேஜைப் பார்த்து இவர் வந்து சேர்ந்தபோது கையெல்லாம் கிரீஸ். செய்தியை நர்ஸ் சொல்லிவிட்டாராம். என்னைத் தொட முடியாமல் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார், போலீஸ் பிடித்தவர் மாதிரி. மேடம் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

மார்ச் 6, வியாழன்

நேற்று விடுப்பு. இன்று போனேன். தனியாக விடப்பட்ட மூக்கர் அந்த ஹோட்டல்காரரிடம் மூலிகை வரிசை முழுவதையும் காட்டியிருக்கிறார். எது சிறந்தது என்று அவர் கேட்டதற்கு, இதற்குத் தீர்ப்புச் சொல்லும் நாக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது, என்னுடையதை நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டாராம். வாசனை டீயில் ஏலக்காய்-ஆரஞ்சை ஹோட்டல்காரர் எடுத்துக்கொண்டார். மூலிகை ஆர்டர் இல்லை.

மேடம் அறைக்கு அழைத்தார். பிப்ரவரி மதிப்பெண்கள் முழுவதும் ரத்து. மூலிகைப் பிரிவை மூடவில்லை. வேறு கிளையிலிருந்து ஒருவரை வரவழைக்கிறார்கள். பிரசவம் முடிந்து நான் திரும்பி வந்தாலும் அது எனக்குக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். நியாயம்தான். ஆனாலும் அந்தப் பிரிவின் முதல் கலவை நான் செய்தது.

எழுந்தபோது, மற்றவர்களிடம் சொல்லட்டுமா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

மேசை மேசையாகப் போய்ச் சொன்னேன். யாராவது இப்போதே குழந்தைக்குப் பெயர் கேட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். கேட்டார்கள். இன்னும் யோசிக்கவில்லை என்று சொன்னேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணல். வலது கை அவள் தலைக்கு அடியில் மரத்துப்போய்விட்டது. எடுத்தால் விழித்துக்கொள்வாள்.