எண் மட்டும் எழுதிய தொட்டிகள்

மல்மேசோன், மார்ச் 1810

அன்புள்ள தங்கை பெரின்,

உன் முழங்கால் வலி தணிந்ததா? அங்கும் குளிர் விடவில்லையா? நான் நலம். குழம்பிவிடாமல் இருக்க, சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டில் நடந்த ஒரு சிறு சம்பவம்.
2. உன்னிடம் ஒரு வேண்டுகோள்.
3. காத்தியான் மேல் எனக்கு வருத்தமில்லை என்பது.

பேரரசர் தன் மனைவி ஜோசஃபின் அம்மையாரை விலக்கிவைத்த வாரம், நானும் இருபது வருட நண்பன் காத்தியானும் அம்மையாரின் இந்தத் தோட்டத்தை விட்டுப் போவதில்லை என்று கைகொடுத்துக்கொண்டோம். போன சனிக்கிழமை கண்ணாடி வீட்டில் அவன் என் செடிப் பதிவேட்டைக் கேட்டான். தயங்கினேன்.

"ஏன்டா கிழவா, ஒரு நாள் குடுத்தா எழுத்தெல்லாம் தேஞ்சா போயிடும்?" என்றான்.

கொடுத்துவிட்டேன். திங்களன்று சமையற்காரி சிரித்தாள்.

"உங்க சிநேகிதர், பேரரசர் புதுசாக் கட்டிக்கப்போற மகாராணியோட தோட்டத்துக்குப் போயிட்டாரே, தெரியாதா? உங்க பதிவேட்டைத் தானே எழுதினதாக் காட்டி வேலை வாங்கினாராம். நீங்க இங்க தொட்டிய எண்ணிக்கிட்டு இருங்க, ஐயா!"

தொட்டியில் எண் போதும், பெயர் பதிவேட்டில் இருக்கட்டும் என்று வாதாடியவன் நான்தான். பதிவேடு அவனோடு போய்விட்டதால் முந்நூறு செடிகளுக்கு இப்போது பெயரில்லை. அம்மையாருக்கு மிஞ்சியிருப்பவை இந்தச் செடிகள்தான். பூக்கும்போது பெயர் கேட்பார்.

எந்த எண்ணில் என்ன முளைத்தது என்று வாராவாரம் எழுதி உனக்கு அலுப்பூட்டினேனே, அந்தக் கடிதங்களை அடுப்பில் போட்டிருக்காவிட்டால் அனுப்பு. கம்பளிக் காலுறை ஒரு ஜோடியும் வை. முடிந்தால் நீயும் இரண்டு வரி எழுது. சாப்பாட்டு மேசையில் இப்போது பேச ஆளில்லை.

தபால் வண்டிக்காரர் கதவைத் தட்டுகிறார். மேலே மூன்றாவதாக எழுதியது தவறு, பெரின்.

உன்
அன்செல்ம்