இடக்கைக் கையுறை

அன்புவழிபுரம்,
திருகோணமலை.
மாசி 9, 2025

அன்பு மகன் இராகுலனுக்கு,

அப்பா எழுதுவது. ஓம், நானேதான்! எழுபத்தொரு வயதில் என் கையால் எழுதும் முதல் கடிதம். நீ வெளிக்கிட்ட கிழமையே நூலகத்தில் பல்கீஸ் ரீச்சரிடம் படிக்கச் சேர்ந்தேன். இந்த நாலு வரிக்கு ஒரு காலைப்பொழுது போய்விட்டது. உன் பெயரை எழுதிவிட்டு எழும்பி நின்று பார்த்தேன். எவ்வளவு வடிவாக இருக்கிறது!

இங்கே எல்லோரும் சுகம். கடல் அடங்கிவிட்டது, வலை திருத்தும் வேலையும் வருகிறது. உங்கள் அகதி முகாமில் பனி இன்னும் இரண்டு மாதம் நிற்கும் என்று ரீச்சர் சொன்னார்.

நீ கையுறை கேட்டதாக, தையில் வந்த உன் கடிதத்தை வாசித்து மருமகள் ஜெயரூபி சொன்னாள். கடையில் மோட்டார் சைக்கிளுக்குப் போடுவதுதான் இருக்கிறது. ரீச்சர் நுவரெலியாவிலிருந்து செம்மறி ரோமம் எடுப்பித்துத் தந்தார். வலை மிதப்பில் குச்சி செருகித் தக்களி செய்து நூற்றேன். பிறகு ஒரு மடத்தனம் செய்தேன். அந்தக் காலத்துப் பருத்தி வலைக்குச் சாயம் ஏற்றுவதுபோல் பனிச்சங்காய்ச் சாற்றில் கொதிக்கவைத்து, உலக்கையால் குத்தினேன். ரோமம் சுருங்கி இறுகித் தும்புக்கட்டையாகிவிட்டது! இரண்டாம் முறை நூற்றதை வெயிலில் வைத்த வாளியில் மெதுவாக ஊறவிட்டேன். நல்ல மண்ணிறம். குடைக்கம்பிகளை ஊசியாகத் தீட்டி வலக்கையைப் பின்னி முடித்தேன். இது கணவாய் மீனுக்குத் தைத்த சட்டையோ என்று ஜெயரூபி கேட்டுச் சிரித்தாள்.

போன கிழமை அவள் சந்தைக்குப் போனபோது அலுமாரியிலிருந்து உன் கடிதத்தை எடுத்தேன். வாசிக்கத் தெரிந்த சந்தோசத்தில்தான் எடுத்தேன், தம்பி. எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். எல்லைக் காட்டில் பனியில் கிடந்ததால் இடக்கை விரல்கள் கறுத்துவிட்டன, இரண்டை எடுத்துவிட்டார்கள், மற்றவை என்னவாகுமோ தெரியாது, அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டாம் என்று அவளுக்கு எழுதியிருந்தாய். நான்தான் பிழையாக வாசிக்கிறேனோ என்று மூன்று தரம் வாசித்தேன்.

ஜெயரூபிக்கு நான் வாசித்தது தெரியாது. அவளை ஏசாதே. தனியாக எவ்வளவு நாள் சுமந்திருப்பாள்!

இடக்கைக் கையுறை மணிக்கட்டோடு நிற்கிறது. எந்த விரல்கள் என்று எழுது. வலி இருக்கிறதா, டொக்டர் பார்க்கிறாரா, எல்லாவற்றையும் எழுது. இனி என் பெயருக்கே அனுப்பு. நானே வாசிப்பேன்.

கோணேசர் உன்னைக் காப்பார். மூன்று விரலுக்கு நூல் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் ஒன்றையும் குறைக்கச் சொல்லி எழுதிவிடாதே, ராசா.

உன் அப்பா,
ஆனந்தராசா