சந்து முனையில் ஒரு வட்டம்

சைதாப்பேட்டை
19.01.2025

மதுக்குட்டி,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் எழுத்துகள் பாரம் ஏற்றிய மீன்பாடி வண்டி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போகின்றன. காலம் பூராவும் அந்த வண்டியை மிதித்தவனுக்குப் பேனா கையில் நிற்கவே மாட்டேன் என்கிறது. காலையில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தேன். இந்த வரிக்கு வருவதற்குள் உன் ரத்னா அத்தை சோறு வடித்துவிட்டாள். "இன்னா நைனா, பரீட்சையா எழுதிக்கினு கீறே?" என்று கேலி செய்கிறாள். செய்யட்டும். என் பேத்திக்கு நானே எழுதுகிறேன், பக்கத்து வீட்டுப் பையனைக் கெஞ்சவில்லை. எனக்கு எழுத்துச் சொல்லித் தரும் மாலை வகுப்பு டீச்சரிடம் இந்தத் தாளைக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன்.

ஆற்றோர வீட்டை இடித்து உங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியதிலிருந்து சனிக்கிழமை மாலைகள் எனக்கு நீண்டுவிட்டன. நீ சாரணியர் உறுதிமொழி சொல்லி ஸ்கார்ஃப் கட்டிக்கொள்ளும் நாள் தெரிந்ததும் உன் அணித் தலைவி அன்புக்கரசி என்னிடம் வந்து சொல்வதாகத்தானே பேச்சு? உன் அப்பன் போன் நம்பரை மாற்றிவிட்டான், அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. சனிக்கிழமை தவறாமல் சட்டை போட்டுக்கொண்டு காத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை. அவர்கள் வழி தவறக் கூடாது என்று சந்து முனையில் தினமும் உங்கள் சாரணியர் குறியைப் போட்டு வைக்கிறேன். சாக்பீஸ் டீச்சர் கொடுத்தது.

உன் தாத்தா,
தங்கவேல்
(கையெழுத்துதான், ரேகை இல்லை, பார்த்துக்கொள்)


பெரும்பாக்கம்
26.01.2025

அன்புள்ள தாத்தா,

உங்கள் கடிதத்தை அம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்பா கையெழுத்து இருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

நாங்கள் ஆறாவது மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. இதை வீடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'பிளாக்' என்றுதான் சொல்கிறேன். புதுப் பள்ளிக்கூடத்தில் சாரணியர் படை இல்லை. இன்று கொடியேற்றும்போது என் கை தானாகச் சுண்டுவிரலை மடக்கி மூன்று விரல் சல்யூட்டுக்குப் போய்விட்டது. உறுதிமொழி சொல்லாதவள் அப்படிச் செய்யக் கூடாது தாத்தா. பக்கத்தில் நின்றவள் "இன்னாடி, சுண்டுவிரல் சுளுக்கிக்கிச்சா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

ஸ்கார்ஃப் பற்றிப் பேசினாலே அப்பா, "அத்த கட்டிக்கினு அவ்ளோ தூரம் பஸ்ல போய் இன்னா பண்ணப்போற?" என்கிறார். அன்புக்கரசி அக்காவும் மறந்துவிட்டார் போல. அவர்களாக வந்து கூப்பிடாவிட்டால் நான் வர மாட்டேன். நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்கவே கூடாது. எனக்கு அவமானமாக இருக்கும். சத்தியம் செய்யுங்கள்.

தினமும் ஒரு நற்செயல் செய்ய வேண்டும் அல்லவா? இன்று உங்களுக்கு எழுதியதை வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். பிடித்தவர்களுக்குச் செய்வது கணக்கில் சேராது என்று எங்கள் சாரணியர் படையின் கேப்டன் மிஸ் சொல்வார். அதனால் சல்யூட்டைக் கேலி செய்தவளுக்குப் பென்சில் சீவிக் கொடுத்தேன்.

உங்கள் பேத்தி,
மதுமதி


சைதாப்பேட்டை
02.02.2025

மதுக்குட்டி,

சத்தியம் செய்துவிட்டேன். பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை.

ஆனால் நேற்று நடந்ததைக் கேள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஞகரம் போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். அந்த எழுத்தைக் கண்டுபிடித்தவர் என் கையில் மாட்டவில்லை. வெளியே பேச்சுக் குரல். எட்டிப் பார்த்தால் நீல உடுப்பு, கழுத்தில் ஸ்கார்ஃப், மூன்று பெண்கள் சந்து முனையில் நிற்கிறார்கள். முன்னால் நிற்பது அன்புக்கரசி! செருப்பைத் தேடினேன். அதற்குள் மூவரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். அன்புக்கரசி மற்றவர்களிடம் என்னவோ சொன்னாள். அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். போன சனிக்கிழமையும் யாரோ நீல உடுப்பில் வந்து திரும்பினார்கள் என்று பூக்கடைக்காரம்மா இப்போது சொல்கிறாள்.

நான் என்ன தப்பு செய்தேன் கண்ணு? குறி ஒழுங்காகத்தானே போட்டிருந்தேன்? வட்டம், நடுவில் ஒரு பொட்டு. நீ பள்ளிக்கூடத்திலிருந்து அம்புக்குறி போட்டுக்கொண்டே வருவாயே, கடைசியில் என் வாசலில் போடுவாயே, அதேதான். பொட்டுகூட நடுவில்தான் இருக்கிறது.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. சந்து வரை வந்தவர்கள் வீட்டுக்கு வராமல் போனது என்னால்தானோ என்று இருக்கிறது.

தாத்தா


பெரும்பாக்கம்
05.02.2025

தாத்தா!!!

உடனே அழியுங்கள். தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தேயுங்கள்.

அது வீட்டு அடையாளம் இல்லை. வழித்தட ஆட்டத்தில் அம்புக்குறி போட்டுக்கொண்டு போகிறவர் கடைசியில் போடும் குறி அது. 'ஆட்டம் முடிந்தது, நான் வீட்டுக்குப் போய்விட்டேன், இனி தேடாதீர்கள்' என்று அர்த்தம். அதைப் பார்த்தால் திரும்பிவிட வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். ஒவ்வொரு தடவையும் என் ஆட்டம் உங்கள் வாசலில் முடிந்ததால் நீங்கள் அப்படி நினைத்துவிட்டீர்கள். நான்தான் சொல்லித் தந்திருக்க வேண்டும். நம் எல்லோரையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள் என்று அக்கா நினைத்திருப்பார்.

அவர் என்னை மறக்கவில்லை தாத்தா! அம்புக்குறி போடுங்கள். நுனி வாசலைப் பார்த்து இருக்கட்டும். கீழே மாதிரிக்கு ஒன்று பெரிதாக வரைந்திருக்கிறேன்.

மதுமதி


சைதாப்பேட்டை
16.02.2025

மதுக்குட்டி,

போட்டேன். சந்து முனையில் ஒன்று, பூக்கடைக்கு எதிரில் ஒன்று, வாசலில் ஒன்று. "கல்யாண வீடா?" என்று எல்லோரும் கேட்டார்கள். நேற்று அன்புக்கரசி அம்பு அம்பாகப் பார்த்துக்கொண்டு ஓடி வந்தாள். வந்ததும் எனக்கு இடது கையை நீட்டினாள். அத்தை பதறிப்போய், "இன்னா பாப்பா, பெரியவங்களுக்குப் பீச்சாங்கையா குடுப்பே?" என்றாள். "எங்களுக்கு இதுதான் ஆன்ட்டி மரியாதை. இதயத்துக்குப் பக்கத்துல கீற கை" என்றாள் அந்தப் பெண். நானும் இடது கையைக் கொடுத்தேன். கூச்சமாகத்தான் இருந்தது.

வரும் சனிக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி. உலகம் பூராவும் உங்கள் இயக்கத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் நினைத்துக்கொள்ளும் நாளாமே? அன்றைக்குத்தான் ஸ்கார்ஃப். உனக்கு எடுத்து வைத்திருக்கிறார்களாம். இப்போது அவர்களாக வந்து கூப்பிட்டாயிற்று, உன் ரோஷத்தை மூட்டை கட்டு.

வெள்ளிக்கிழமை நானே வருகிறேன். உன் அப்பனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

தாத்தா


சைதாப்பேட்டை
23.02.2025

மதுக்குட்டி,

நேற்றுத்தான் பார்த்தோம், அதற்குள் எழுதுகிறேன். உன்னிடம் சொல்ல விட்டுப்போனவை இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை பஸ் போர்டில் 'பெரும்' வரை படித்தேன், 'பாக்கம்' வருவதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸிலும் நின்று படித்தேன். கண்டக்டர் கத்தினார்: "பெருசு, ஏறு! மீதிய உள்ள குந்திப் படிச்சுக்கோ!"

நீ தூங்கிய பிறகு உன் அப்பனிடம் கேட்டேன். "உனுக்கு முட்டி வலி. இத்துக்கோசரம் ஆறு மாடி ஏறி வந்துகினு கீறியா நைனா?" என்றான். "ஆமாண்டா தணிகாசலம்" என்றேன். "கூட்டிக்கினு போ" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். அவ்வளவுதான் நடந்தது.

அவன் தி.நகர் ஜவுளிக் கடையில் மூட்டை இறக்குவதை விட்டுவிட்டு வருவான் என்று நான் நினைக்கவே இல்லை. நீ மூன்று விரல் உயர்த்தி உறுதிமொழி சொன்னபோது பள்ளிக்கூடக் கேட் ஓரமாக நின்றிருந்தான், தலையில் பஞ்சுத் தூசியோடு. கேப்டன் மிஸ் ஸ்கார்ஃபைக் கட்டிவிட்டதும் நீ ஓடிப்போய் அவனிடம் இடது கையை நீட்டினாய். யாரும் சொல்லித் தராமலே அவனும் இடது கையைக் கொடுத்தான். மாதம் ஒரு சனிக்கிழமை உன்னை அனுப்பச் சொல்லி மிஸ் கேட்டதற்கும் தலையாட்டினான்.

உங்களைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். சந்து முனையில் என் அம்புக்குறிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வட்டம், நடுவில் பொட்டு. கிளம்பும்போது செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்தாயே, இதற்குத்தானா?

முன்பு என்றால் நீ உள்ளே இருக்கிறாய் என்று ஓடியிருப்பேன். இப்போது அர்த்தம் தெரியும். நின்று இன்னொரு தடவை படித்தேன். நான் வீட்டுக்குப் போய்விட்டேன் என்கிறாய். அந்த ஆறாவது மாடியை நீ வீடு என்று சொன்னது இதுதான் முதல் தடவை கண்ணு. எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை துடைப்பத்தோடு வந்தாள். "அது இருக்கட்டும் ரத்னா" என்றேன்.

உறை மேல் இதுவரை பிளாக் நம்பர் மட்டும்தான் எழுதினேன். இந்தத் தடவை அதற்கு மேலே 'மதுமதி வீடு' என்று போடுகிறேன். வீடு என்ற சொல் நன்றாக வருகிறது, பார். வரும் ஞாயிற்றுக்கிழமையும் காபி குடித்த கையோடு உட்கார்ந்துவிடுவேன். அதற்குள் ஞகரமும் எனக்கு வழிக்கு வந்துவிடும்.

இடது கை குலுக்கலோடு,
தாத்தா தங்கவேல்