நீ மாட்டிய கம்பி

அண்ணே,

குளியலறையைத் திறந்தால் இன்னும் புதுச் சிமெண்ட் வாசனை அடிக்கிறது. சுவரில் நீ மாட்டிய கைப்பிடிக் கம்பியைக் கழற்றிவிட்டோம். துருப்பிடித்துப்போன அது இப்போது மொட்டை மாடியில் கிடக்கிறது. பழைய இரும்புக்காரருக்குப் போடவில்லை. பாசத்தால் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்பா கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டுமே.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே கைலாசபுரத்திலிருந்து ட்ரில்லிங் மெஷினோடு பைக்கில் வந்து இறங்கினாய். டைல்ஸ் மேல் செல்லோடேப் ஒட்டி, பென்சிலால் புள்ளி வைத்தாய். "டேப் ஒட்டாம துளை போட்டா ட்ரில் பிட்டு வழுக்கி டைல்ஸ் விரிசல் விட்ரும்டா" என்றாய். நான் டார்ச் பிடித்தேன். "சுவத்துல அடிடா, என் மூஞ்சியில எதுக்கு அடிக்கிற?" என்று திட்டும் வாங்கினேன். மொத்தம் ஒன்றரை மணி நேர வேலை. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாய்.

அன்றிலிருந்து திருவானைக்காவலில் நம் வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் குளியலறைதான். "பெரியவன் போட்டது, ஆட்டிப் பாருங்க" என்பார் அப்பா. லால்குடி அத்தை ஆட்டிப் பார்த்தார். கேபிள்காரர் ஆட்டிப் பார்த்தார். தினமும் வெந்நீர் வைத்து, முதுகு தேய்த்து, கால் நகம் வெட்டிவிடுகிறவன் நான். இதையெல்லாம் யாரிடம் ஆட்டிக் காட்டுவது? குளிக்கிற நாற்காலியிலிருந்து எழுந்திருக்கட்டும் என்று கை நீட்டினால், "கைய எடுடா, கம்பி இருக்கு" என்பார். எனக்கு வயிறு எரியும். ஒரு கம்பியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று வெளியே சொல்ல முடியுமா? அதனால் அந்தப் பொறாமையையும் உன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

போன ஐப்பசியில் நீ நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், திரும்பவில்லை. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அப்பா குளிக்கப் போனார். குழாயைத் திறந்துவிட்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் துண்டோடு பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்றேன். உனக்குப் பதிலாக நான் போயிருந்தால் எதைப் பிடித்துக்கொண்டு அழுவார் என்று எனக்கு அப்போது தோன்றியது. அந்த நேரத்தில் தோன்றக் கூடாத எண்ணம்தான். தோன்றிவிட்டது.

இந்த மாசம் கம்பி ஆட ஆரம்பித்தது. கொத்தனார் வந்து கழற்றினார். "யாருங்க போட்டது? துளையச் சுத்தி ஒரு கீறல் இல்லைங்க" என்றார். செத்த பிறகும் உனக்குத்தான் சர்டிபிகேட். பக்கத்தில் நான் ஆணி அடித்து மாட்டிய சோப்புத் தட்டு இரண்டு டைல்ஸையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. அதன் விரிசல் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே இறங்கி, பூச்சு உளுத்து, உன் கம்பியும் துருப்பிடித்ததாம். அப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

தட்டிப் பார்த்ததில் உள்ளே காலியாகச் சத்தம் கேட்ட டைல்ஸையெல்லாம் கொத்தனார் பெயர்த்துவிட்டுச் சுவரைப் பூசினார். "நாலு நாள் காயட்டும். டைல்ஸ் வாங்கி வைங்க, ஒட்டிட்டு புதுக் கம்பிய மாட்டிடலாம்" என்றார். அன்று சாயங்காலமே டைல்ஸ் வாங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் அப்பாவுக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. நாற்காலியிலிருந்து எழும்போது என் தோளில் கை வைத்தார். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் பாதி எழுந்தவர் அப்படியே நின்று என்னை அண்ணாந்து பார்த்தார். "எப்படா இவ்வளவு உயரமா ஆன?" என்றார். எனக்கு ஐம்பத்தோரு வயது, அண்ணே.

ஐந்தாம் நாள் கொத்தனார் போன் செய்தார். "அந்தக் கலர் டைல்ஸ் கிடைக்கலைங்க" என்றேன். டைல்ஸ் பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. எட்டாம் நாளும் அதையே சொன்னேன். என் மனைவி பெட்டியையும் என்னையும் பார்த்தாள்.

பதினோராம் நாள் நான் வெந்நீர் எடுக்கப் போன நேரத்தில் அப்பா தானாக எழுந்திருக்கிறார். கம்பி இருந்த இடத்தைத் தடவியிருக்கிறார். வெறும் பூச்சில் கை சறுக்கி, சரிந்தவரை ஓடிப்போய்ப் பிடித்தேன். அடி படவில்லை. "உங்க அண்ணன் இருந்திருந்தா ஒரே நாள்ல முடிச்சிருப்பான்டா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அங்கேயே நின்று கொத்தனாருக்குப் போன் போட்டேன்.

இப்போது சுவர் சரியாகிவிட்டது. அப்பா புதுக் கம்பியைப் பிடித்துத் தானே எழுகிறார். நான் கை நீட்டுவதில்லை.

ஆனாலும் பதினோரு நாள், அண்ணே. அப்பாவின் முழுப் பாரமும் என் இடது தோளில். விரல்கள் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருக்கும். அந்தப் பாரம் இப்போதும் அங்கேதான் இருக்கிறது. உனக்கு அது ஒரு நாள்கூடக் கிடைத்ததில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, நீ பார்த்துப் பொறாமைப்படும்படி என்னிடம் ஒன்று இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லி, உன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

பொறாமைப்பட நீ இல்லையே, அண்ணே.