பத்ரோன் வீட்டு மதியச் சாப்பாடு

சுவிஸில் லோசானுக்குப் பக்கத்து ரெனானில் உன் வீட்டுப் படிகளில் ஏறும்போது, வெண்ணெயில் லீக்ஸ் வதங்கும் மணம் வந்தது. இரண்டாம் மாடியில் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். உன் வீடு நான்காம் மாடி. உன்னுடைய முப்பத்தோராம் நாள் சடங்குக்காக வந்திருந்தேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் பையை இறக்கி வைத்துவிட்டு நின்றேன். மூச்சு வாங்குகிறது என்று பின்னால் வந்த உன் மகளிடம் சொன்னேன். அது அரை உண்மை. அந்த மணத்தோடு நான் ஒருநாள்தான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். உன்னோடு, ஏரிக்கு மேலே இருந்த அந்தத் திராட்சைத் தோட்டத்து வீட்டில், முழு மதியமும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி ஞாயிறு அது. ஜெனீவாவில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றி எழுதப் பத்திரிகை என்னை அனுப்பியிருந்தது. மூன்று வாரமாக நான் துரத்திக்கொண்டிருந்த ஓர் அதிகாரி, அன்று மாலை ஐந்து மணிக்கு ஜெனீவா ரயில் நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில் அரை மணி நேரம் தருவதாகச் சொல்லியிருந்தார். அன்றிரவே அவர் நாட்டை விட்டுப் போகிறார். அதற்கு முன் உன்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காலையிலேயே லோசானுக்கு ரயில் ஏறினேன். நீ நிலையத்தில் நின்றாய். ஐந்து வருடத்துக்குப் பிறகு பார்க்கிறோம். எட்டு வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரே பத்திரிகையில், எதிரெதிர் மேசையில் இருந்தவர்கள். நான் நிருபர், நீ ஒப்புநோக்குநர். நான் எழுதியதில் நீ சிவப்புக் கோடு போடாத நாள் இல்லை.

"வா, இன்னொரு ரயில் எடுக்கவேணும். பத்ரோன் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்," என்றாய்.

முதலாளியை இங்கே எல்லோரும் பத்ரோன் என்றுதான் சொல்கிறார்கள். மற்ற மாதங்களில் லோசானில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுவாய். திராட்சை வெட்டும் வாரங்களில் லீவு எடுத்துக்கொண்டு இந்த மனிதரின் தோட்டத்துக்குப் போய்விடுவாய். மூன்றாவது வருடமாக முதுகில் கூடை சுமந்திருந்தாய்.

சின்ன நிலையத்தில் இறங்கி மேலே நடந்தோம். கல் மதில், ஒரு வரிசை திராட்சை, மறுபடி கல் மதில் என்று மலை படிபடியாக ஏறியது. வெட்டி முடித்த கொடிகளில் இலைகள் மஞ்சளாகிக் கிடந்தன. கீழே ஏரி. அதைப் பார்த்து இரண்டு வரி எழுதலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது நீ சொன்னாய்: "எனக்கு இரண்டாந்தரமும் நெகட்டிவ் வந்திட்டுது."

நீ சொன்ன விதத்தில் பதற்றம் இருக்கவில்லை. அகதி விண்ணப்பம் இரண்டு முறை தள்ளப்பட்டுவிட்டது. முதல் விசாரணையில் சொன்ன ஒரு திகதியும் இரண்டாவதில் சொன்னதும் ஒத்துவரவில்லை என்பது அவர்கள் கண்ட முரண்பாடு. இனிக் கடைசியாக ஒரு மனு போடலாம். அதற்கு வேலை தந்தவரின் கடிதம் வேண்டும். உன்னை ஊரில் அறிந்த ஒருவருடைய சாட்சியமும் இருந்தால் நல்லது. பத்து நாளுக்குள் கொடுக்கவேண்டும். உன் மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். மகளுக்கு அப்போது ஆறு வயது. நீ வெளிக்கிடும்போது அவள் கைக்குழந்தை.

"பத்ரோனிட்டைக் கேட்டனியோ?"

"கேட்டனான். ஒண்டும் சொல்லேல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா எண்டார். ஊர்ச் சிநேகிதன் வாறான் எண்டு சொன்னன். அவனையும் கூட்டிக்கொண்டு வா எண்டார்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "நீ அந்தக் கதையை எடுக்காதை. அவரா எடுக்கவேணும். மற்றது, மணிக்கூட்டைப் பாக்காதை," என்றாய்.

"ஏன்ரா?"

"இஞ்ச மேசையில இருந்து மணிக்கூடு பாக்கிறதும் கறி சரியில்லை எண்டு சொல்லுறதும் ஒண்டுதான்."

முதலில் நிலவறை. பத்ரோனுக்கு அறுபது வயதிருக்கும். அகலமான ஆள், அளந்து பேசுகிறவர். உள்ளே மரப்பீப்பாய்கள், ஈரக்கல், புளிப்பு நெடி. புது வைன் இன்னும் கலங்கலாகவே இருந்தது. பீப்பாயின் குழாயைத் திருகி ஒரு சின்னக் கிளாசில் பிடித்தார். வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார், குடித்தார். அதே கிளாசை மறுபடி நிரப்பி என்னிடம் நீட்டினார்.

பல பேருக்கு ஒரு கிளாஸ். நம் ஆட்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தேன். தலையை நிமிர்த்தி, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றினேன். தண்ணீர்ச் செம்புக்குப் பழகிய கை. பாதி வாய்க்குள் போனது, பாதி தாடையில் வழிந்து சட்டைக்குள் போனது. பத்ரோன் கிளாசை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன், காரணம் புரியவில்லை.

நீ அவசரமாகப் பிரெஞ்சில் ஏதோ சொன்னாய். பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"அட மடையா, வாயில வைச்சுக் குடி. தன்ர வாய் பட்டது உனக்கு அருவருப்பு எண்டு நினைக்கிறார்."

"எச்சில் ஆக்கக்கூடாது எண்டெல்லே…"

"அது எனக்கு விளங்குது. முதல் வருசம் நானும் இப்பிடித்தான் ஊத்தினன். மூண்டு நாள் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. இஞ்ச ஒரே கிளாசில குடிக்கிறதுதான் மரியாதை. அப்பதான் ஆளை நம்புவினம்."

அடுத்த கிளாசை வாயில் வைத்துக் குடித்தேன். அடுத்ததையும். போன வருடத்து ஷசலா வெள்ளை வைன், அதற்கு முந்தைய வருடத்து ஷசலா என்று அவர் ஒவ்வொன்றையும் விளக்கினார். நீ மொழிபெயர்த்தாய். "இது கல்லு வாசம் எண்டுறார். எனக்கு ஒரு கல்லும் மணக்கேல்லை. நீ தலையை ஆட்டு." ஆட்டினேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. முழுதாக அல்ல.

மேலே வீட்டில் பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தோம். ஒன்றேகாலுக்கு முதல் தட்டு வந்தது. லீக்ஸும் உருளைக்கிழங்கும் மசிய வெந்திருந்தன. அதன்மேல் புகையிட்ட பெரிய சொசேஜ். பத்ரோனின் மனைவி இளமையில் இங்கிலாந்தில் இருந்தவர். அவரோடு நான் ஆங்கிலத்தில் பேசினேன். அவர் மழையைப் பற்றிக் கேட்டார், நெல் எத்தனை மாதத்தில் விளையும் என்று கேட்டார், யாழ்ப்பாணத்திலும் திராட்சை உண்டு என்றதும் வியந்தார். பத்ரோன் அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு, என்ன கொடி, என்ன மண், எத்தனை அறுவடை என்று விசாரித்தார். எனக்குத் தெரிந்தது பாதி, நீ சொல்லித் தந்தது பாதி. இரண்டு மணி. தட்டுகளை எடுத்தார்கள். பிறகு ஒன்றும் வரவில்லை. எல்லோரும் சும்மா இருந்தார்கள், அதுவும் சாப்பாட்டில் ஒரு பகுதி என்பதுபோல.

மேசைக்குக் கீழே என் கால் ஆடிக்கொண்டிருந்தது. நீ உன் பாதத்தால் அதை அழுத்தினாய்.

மூன்று மணிக்குப் பிறகு பாற்கட்டி வந்தது. பத்ரோன் ஒரு துண்டு வெட்டி உன் தட்டில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து நீளமாக ஏதோ கேட்டார். அவர் மனைவி மொழிபெயர்த்தார்: "உங்கள் நண்பர் தன்னைப் படை முகாமில் அடைத்து வைத்திருந்ததாகச் சொல்கிறார். நீங்கள் அதே அலுவலகத்தில் இருந்திருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தீர்களா?"

நான் என்ன சொன்னேன் என்பது உனக்குத் தெரியும். இல்லை, நான் பார்க்கவில்லை என்றேன். உன்னைப் பிடித்தது அலுவலகத்துக்கு வரும் வழியில். அப்போது நான் அங்கே இல்லை. முகாமுக்குள்ளும் நான் போனதில்லை. ஆகவே பதில் சரி. சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று இருபது.

பத்ரோன் தலையசைத்தார். தனக்கும் ஒரு துண்டு பாற்கட்டி வெட்டிக்கொண்டார். நீ மேசை விரிப்பில் கிடந்த பாண் துகள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டாய். யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. பேரிக்காய்ப் பணியாரமும் கோப்பியும் வந்தன. எழும்பும்போது பத்ரோன் உன் தோளில் கைவைத்து, செவ்வாய்க்கிழமை சொல்கிறேன் என்றார்.

இறங்கும்போது நான்தான் தொடங்கினேன். "நான் பொய் சொல்லேலாது மச்சான்."

"ஆர் உன்னைப் பொய் சொல்லச் சொன்னது? நீ சொன்னதில பிழையில்லை. வசனத்தை முடிக்கேல்லை, அவ்வளவுதான்."

நிலையத்தில் லோசான் ரயில் நின்றது. நான் ஏறினேன். அடுத்த ரயில் அரை மணி நேரத்தில் இருந்தது, அதில் போயிருந்தால் அதிகாரி போயிருப்பார். இந்தக் கணக்கை இத்தனை வருடத்தில் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். அந்த அதிகாரி எனக்குத் தந்த பேட்டியில் அச்சானது இரண்டு பந்தி. என்ன சொன்னார் என்று இன்று எனக்கு நினைவில்லை.

அன்று பின்னேரம் ஜெனீவாவில் அறைக்குத் திரும்பியதும் அந்த வசனத்தை முடித்தேன். பார்த்ததை மட்டும் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். உன்னைப் பிடித்த அந்தப் பங்குனியில் நாற்பது நாள் உன் கதிரை வெறுமையாக இருந்ததைப் பார்த்தேன். உன் மனைவி குழந்தையோடு காலையில் அலுவலக வாசலுக்கு வந்து, ஏதாவது தெரியுமா என்று கேட்டதைப் பார்த்தேன். நீ திரும்பி வந்த நாளில் பேனா உன் விரல்களில் நிற்காமல் இரண்டு முறை கீழே விழுந்ததைப் பார்த்தேன். மேசையில் அதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். கையெழுத்து வைத்து மறுநாள் உனக்குத் தபாலில் போட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

சில மாதம் கழித்து, கொழும்பில் இருந்த எனக்குத் தொலைபேசி எடுத்தாய். பத்ரோன் கடிதம் தந்துவிட்டார் என்றாய். என் கடிதம் கிடைத்ததா என்று கேட்டேன். "கிடைச்சது. திருத்தம் கொஞ்சம் இருக்கு. வரேக்க பாப்பம்," என்று சிரித்தாய். பழைய பகிடி என்று நானும் சிரித்தேன். உனக்கு பெர்மிட் கிடைக்க அதற்குப் பிறகு மூன்று வருடம் சென்றது. உன் மகள் வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பத்து வயது. விமான நிலையத்தில் அவள் உன்னை மாமா என்று கூப்பிட்டதாக நீயே எனக்கு எழுதினாய். அதன்பின் ஒருமுறைதான் சந்தித்தோம், லோசான் நிலையத்தில், இருபது நிமிடம், ஒரு கோப்பி. அப்போதும் எனக்கு ரயில் இருந்தது. கடிதத்தைப் பற்றி நீ பேசவில்லை, நான் கேட்கவுமில்லை.

நேற்றுச் சடங்கு முடிந்து ஆட்கள் போனபிறகு உன் மனைவி ஒரு ஃபைலை எடுத்து வந்தார். விசாரணைத் தாள்கள், நெகட்டிவ் இரண்டு, பத்ரோனின் கடிதத்தின் பிரதி. பத்ரோன் எழுதியிருந்தது ஆறு வரி. உன் மகள் வாசித்துச் சொன்னாள்: இந்த மனிதர் மூன்று அறுவடைக்கும் நேரத்துக்கு வந்தார், நான் பார்த்தேன். கனமான கூடையைக் கேட்டு வாங்கினார், நான் பார்த்தேன். என் கிளாசில் குடித்தார். மற்றவற்றை நான் பார்க்கவில்லை, ஆனால் இவர் சொன்னால் நம்புகிறேன்.

அதற்குக் கீழே நான் எழுதிய பக்கம் இருந்தது. பிரதி அல்ல, நான் அனுப்பிய அதே தாள்.

"இதை அவர் குடுக்கேல்லை அண்ணை," என்றார் உன் மனைவி. "நீங்கள் நாப்பது நாள் எண்டு எழுதியிருந்தியள். இவர் விசாரணையில முப்பத்தெட்டு எண்டு சொன்னவர். முந்தியே திகதி மாறினதுக்குத்தானே தள்ளினவங்கள். இதையும் குடுத்தால் அதுவும் முரண்பாடு எண்டுவாங்கள் எண்டு பயந்திட்டார்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே. திருத்தி அனுப்பியிருப்பன்."

"நானும் கேட்டனான். அவன் வரேக்க பாப்பம் எண்டவர். பிறகு பெர்மிட் வந்திட்டுது. இனி ஏன் அவனுக்குச் சொல்லி நோகப்பண்ணுவான் எண்டார்."

நாற்பது என்று நான் ஏன் எழுதினேன்? எண்ணிப் பார்க்கவில்லை. ஏறக்குறைய நாற்பது, கை அப்படியே எழுதிவிட்டது. எட்டு வருடம் நீ என்னிடம் பிடித்த பிழைகளெல்லாம் இந்த வகைதான். சரியான ஒரு பக்கம் மூன்று வருடத்தை ஒரு வருடமாக்கியிருக்குமா, மகள் உன்னை அப்பா என்று கூப்பிட்டபடி வந்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் யாரும் இல்லை. இரவு முழுதும் உன் சோபாவில் புரண்டுகொண்டிருந்தேன்.

தாளை என்னையே கொண்டுபோகச் சொன்னார்கள். இப்போது ரயிலில் அதைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உன் சிவப்புக் கோடுகள் இரண்டு இடத்தில் இருக்கின்றன. நாற்பதை வெட்டி முப்பத்தெட்டு ஆக்கியிருக்கிறாய். மற்றது பேனா விழுந்த வரிக்கு எதிரே, ஓரத்தில், உன் சின்ன எழுத்தில், ஒரு கேள்விக்குறியோடு: 'எந்தக் கை?'

புறப்படுமுன் உன் மனைவியிடம் கேட்டேன். இரண்டு கையாலும்தான் எல்லாம் செய்வார், எனக்கு ஒன்றும் சொன்னதில்லை என்றார். மகளுக்குத் தெரியாது. வலது கை என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று எழுதினால் நீ விடமாட்டாய். எதிர் மேசையில் இருந்து நான்தான் பார்த்தேன், வேறு யாரும் பார்க்கவில்லை. பேனா விழுந்த சத்தம் நினைவிருக்கிறது. குனிந்து அதை எடுத்துத் தந்தது நினைவிருக்கிறது. நீ எந்தக் கையை நீட்டி வாங்கினாய் என்பது மட்டும் தெரியவில்லை.