தரணியின் நெஞ்சில் தொங்கிய நுங்கு

செம்மேடு
மாசி 20

என் கண்ணு யமுனாவுக்கு அப்பன் எழுதுவது. இங்கே மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் சுகம் கேட்காதே. பெங்களூரில் சுகம் என்று நீ சொன்னால் நம்பமாட்டேன், டாக்டர் சொல்லட்டும். போனில் பேசினால் நடுவில் புகுந்து என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் நாலாம் வகுப்பு எழுத்தைத் தூசு தட்டி எடுத்தேன்.

உன் தம்பி தரணிக்கு ஆபரேஷன் என்று மட்டும்தான் உன் அம்மா சொல்லியிருப்பாள், என் லட்சணத்தைச் சொல்லியிருக்கமாட்டாள். தை மாதம் மிளகு பறிக்க ஏணி ஏறினால் நாலு கொத்து பறிப்பதற்குள் இறங்கி மரத்தடியில் படுத்துக்கொள்வான். படுத்தால் மூச்சு சீராகிச் சிரித்துப் பேசுவான், எழுந்து நின்றால் இரைப்பான். படுத்தால் சரியாகிற வியாதி எனக்கும் உண்டு சாமி, அதற்குச் சோம்பேறித்தனம் என்று பேர் என்று கேலி பண்ணினேன். கேலி போதாமல் மாடு ஓட்டுகிற புளியங்கோலால் விளாசினேன், முதுகுத்தோல் உரிந்தது. மறுநாளும் படுத்தான். காதைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி அடித்தேன், காது கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். உன் மாமன் சின்னுசாமி, பையனைக் கொல்றீங்களா மச்சான் என்று கோலைப் பிடுங்க வந்தான், அவன் வாயிலும் ஒரு குத்து. அவன் முன்பல் நம் காட்டில்தான் கிடக்கிறது, முளைத்தால் சொல்கிறேன். உன் அம்மா ஏணிக்கழியை எடுத்து என் முட்டியில் போட்டாள். நாங்கள் இப்படி உருண்டுகொண்டிருந்தபோது தரணி உதடு நீலமாகி நின்ற இடத்திலேயே சாய்ந்தான்.

பல் போன சின்னுசாமிதான் ஜீப் பிடித்துச் சேலம் கொண்டுபோனான். இதயத்துக்குள் நுங்கு மாதிரி ஒரு கட்டி காம்பில் தொங்குகிறது, நின்றால் வந்து வழியை அடைக்கும், படுத்தால் விலகும், புற்று இல்லை என்றார் டாக்டர். நெஞ்செலும்பை ரம்பத்தால் அறுத்து எடுத்தார்கள். பிறகு அவன் உதட்டிலும் கண் இமையிலும் இருக்கிற கருப்புப் புள்ளிகளைக் காட்டி, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே என் உதட்டைப் பார்த்தார். மிளகுக்காட்டுக்காரன் என்று சாமி மிளகு தூவி அனுப்பியது என்று நான் பீற்றிக்கொள்வேனே, அதேதான். ரத்தத்தோடு இறங்குகிற கோளாறாம், சின்ன வயதிலேயே கட்டி வருமாம், எடுத்தாலும் திரும்ப வரலாமாம். எனக்கும் எக்கோ எடுத்தார்கள், கட்டி இல்லை. எனக்கு வராமல் அவனுக்குக் கொடுத்துவிட்டு, அதற்காக அவனையே அடித்திருக்கிறேன். இப்போது நான் உள்ளே போனால் தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறான். படுடா சாமி என்றால், இல்லீங்கப்பா நல்லா இருக்கேன் என்கிறான்.

உன் உதட்டிலும் அது இருக்கிறது கண்ணு. இந்த வாரமே எக்கோ எடு, உதட்டைக் காட்டித் தம்பி கதையைச் சொல். வருஷா வருஷம் எடுக்கவேண்டுமாம். எட்டுக்கை அம்மன் எட்டுக் கையாலும் உன்னைப் பிடித்திருக்கட்டும். தீபாவளிக்கு வந்தபோது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னாய். வேலைக்கு மட்டம் போட வழி தேடுகிறாய் என்று சிரித்தேன். இனி உன்னைச் சோம்பேறி என்று யார் சொன்னாலும் நம்பாதே, உன் அப்பன் சொன்னாலும்.

இப்படிக்கு
உன் அப்பன் செங்கோடன்