மூடுபனியில் ஏறின கொடி

கானெட் குடா,
ஜூலை 1965

அன்பு மகள் ஃபிலோமினாவுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் அப்பாவும், அந்தக் கிழட்டுப் பூனையும்கூட, ஆண்டவர் புண்ணியத்துல நல்லா இருக்கோம். டொராண்டோவுல நீயும் மாப்பிள்ளை லார்னும் சுகமா இருக்கணும்னு மாதாகிட்ட சொல்லிட்டுத்தான் தினம் அடுப்பே பத்த வைக்கிறேன். கல்யாணப் போட்டோ வந்துச்சு. ரொம்ப மெலிஞ்சுட்டே கண்ணு, அந்த ஊர்ல மீனே கிடைக்காதா என்ன? சதுப்புல காய்க்கிற பேக்ஆப்பிள் பழம் இன்னும் பழுக்கலை, பழுத்ததும் ஜாம் காய்ச்சி ரெண்டு பாட்டில் அனுப்புறேன், மாப்பிள்ளைக்கும் கொடு, நீயே வழிச்சுத் தின்னுடாதே.

உன் கல்யாணத்தன்னைக்கு இங்க நடந்ததை வேற யாராவது கண்ணு காது மூக்கு வெச்சு எழுதுறதுக்கு முந்தி நானே சொல்லிடறேன். நீ கடலுக்கு அந்தப் பக்கத்து மெயின்லேண்டுக்காரனைக் கட்டிக்கப் போறேன்னு எழுதின நாள்லேருந்து அப்பா உன் பேரை எடுக்கலைன்னு உனக்குத் தெரியும். அதுக்கு மேல நீ அனுப்பின பார்சல் வேற. கல்யாணத்தன்னைக்கு இதை நம்ம கம்பத்துல ஏத்துங்கப்பான்னு எழுதி கனடாவோட அந்தப் புதுக் கொடியை வெச்சிருந்தியே, விரிச்சுப் பார்த்த மனுஷன் முகம் சுருங்கிப்போச்சு. இலையாம் இலை, இந்தப் பாறையில மேப்பிள் மரம் எங்கடி இருக்கு, நான் கண்ணால பார்க்காத மரத்துக்கு நான் எதுக்குத் தொப்பி கழட்டணும்னார். தனி நாடா இருந்த நம்ம தீவு கனடாவோட சேர்ந்த நாள் வந்தா வருஷா வருஷம் ஏப்ரல்ல கதவுல கருப்புத் துணி கட்டுறவர்கிட்ட நீயும் போய்க் கேட்டியே! சேரலாமா வேண்டாமான்னு நடந்த அந்த ஓட்டெடுப்புல நான் எந்தப் பக்கம் குத்தினேன்னு இன்னைக்கு வரைக்கும் அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை, அதனாலதான் குடித்தனம் ஓடுது. கொடியைக் கொண்டுபோய் வலைப்பெட்டிக்கு அடியில திணிச்சுட்டார்.

எனக்கு உள்ளுக்குள்ள அழுகைதான். நீ சின்னவளா இருந்தப்ப ஊர்ல எந்தக் கல்யாணம்னாலும் வீட்டுக்கு வீடு கொடி ஏறும், பொண்ணு மாப்பிள்ளை கோவிலை விட்டு வெளிய வந்ததும் ஆம்பளைங்க வானத்தைப் பார்த்துச் சுடுவாங்க, நீ காதைப் பொத்திக்கிட்டு எனக்கும் சுடுவீங்களாப்பான்னு கேப்பே. ஊருக்கே கேக்கிற மாதிரி சுடுறேன்டி என் ராசாத்தின்னுவார். அந்த வாக்கு என்ன ஆகுமோன்னு எனக்கு ஒரே கவலை.

அந்த வாரம் பூரா பனி. எதிர்வீடு தெரியலை, கடல் தெரியலை, தண்ணி பாறையில மோதுற சத்தம் மட்டும் எங்கிருந்தோ வருது. ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தா வீடே கரையை விட்டுக் கழண்டு மெல்ல மிதந்து போற மாதிரி இருந்துச்சு. எந்த நாட்டுல இருக்கோம்னு கேட்டா சொல்லத் தெரியாது. நல்லதுதான், கம்பம் மொட்டையா நிக்கிறது யாருக்கும் தெரியாதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். சனிக்கிழமை அப்பா கடலுக்குப் போகலை, வலை தைக்கணும்னார். நான் நல்ல உடுப்பைப் போட்டுக்கிட்டு, உன் கல்யாணப் பூசை நேரத்துக்கு ஜெபமாலையும் கையுமா உக்காந்து சொல்லி முடிச்சேன். அதுக்கப்புறமும் அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தார். உங்க ஊர் மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால ஓடுதுன்னு நான் சுத்தமா மறந்துட்டேன், கண்ணு. அவர் மறக்கலை. சத்தமில்லாம எழுந்து வெளிய போனார்.

கொஞ்ச நேரத்துல டமார்னு ஒரு வெடி. அப்புறம் இன்னொண்ணு. பனியில துப்பாக்கி வெடிச்சா கல்யாணம்னு யாரு நினைப்பா? படகு ஏதோ வழி தெரியாம அலையுதுன்னுதானே ஊர் பதறும்! சத்தத்தை வெச்சுக் கரை சேரட்டும்னு எதிர்க்கரையில பதிலுக்குச் சுட்டாங்க, கோவில் பக்கம் சுட்டாங்க, கடல்ல இருந்த படகெல்லாம் நம்மளைத்தான் கூப்பிடறாங்கன்னு கரையைப் பார்த்துத் திரும்பிடுச்சு. ட்ருசில்லா இருக்காளே, அவ மகனும் கடல்ல இருந்தான், பாவம், கையெல்லாம் மாவோட படகுத்துறைக்கு ஓடியிருக்கா. குடா முழுக்க வெடிச்சத்தம். வெள்ளை வெளேர்னு ஒண்ணும் தெரியலை, சத்தம் மட்டும் இங்க ஒண்ணு அங்க ஒண்ணா. நான் கனவுல நடக்கிற மாதிரி வெளிய வந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பனி விலகணுமா? பால்ல தண்ணி ஊத்தின மாதிரி மெல்ல மெல்ல நீர்த்துப்போச்சு. முதல்ல துறை தெரிஞ்சுது, அதுல நின்ன ஜனங்க தெரிஞ்சாங்க. அப்புறம் நம்ம கம்பம், அது உச்சியில சிவப்பா உன் இலை. பனிக்குள்ள யாருக்குத் தெரியப் போகுதுன்னு நினைச்சு ஏத்திட்டார் மனுஷன், கையும் களவுமா மாட்டிக்கிட்டார். அடியில துப்பாக்கியோட நிக்கிறார், ஊரே வாயைப் பிளந்து பார்க்குது.

டோபியாஸ் கிழவர் விடுவாரா? என்னய்யா ஆம்ப்ரோஸ், ஏப்ரல்ல கருப்பு, ஜூலையில சிவப்பா, கனடா பென்ஷன் பணம் வேலை செய்ய ஆரம்பிச்சுடுச்சான்னு கத்தினார். எல்லாரும் சிரிச்சாங்க. ட்ருசில்லா மட்டும் சிரிக்கலை. அவ மகன் படகு அப்பத்தான் கரை தட்டியிருந்தது, அழுகையும் ஆத்திரமுமா மேட்டுல ஏறி வந்து, பாவி மனுஷா, எங்க உசுரே போயிடுச்சே, யாரு காணாமப் போனாங்கன்னு சுட்டே, யாரைக் கூப்பிட்டேன்னு கேட்டா. அப்பா தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு கம்பத்து உச்சியை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம், என் பொண்ணைன்னார். ஃபிலோமினாவை, அவளுக்கு இன்னைக்குக் கல்யாணம்னார்.

உன் பேரை அவர் வாயால கேட்டு எத்தனை மாசம் ஆச்சு! ட்ருசில்லா மாவுக் கையாலயே அவர் கையைப் பிடிச்சுக்கிட்டா. டோபியாஸ் கிழவர்தான் முதல்ல சுட்டார், அப்புறம் ஒருத்தர் பாக்கியில்லாம சுட்டாங்க, இந்தத் தடவை உனக்குன்னே தெரிஞ்சு. சாயங்காலம் நம்ம வீட்டுல ஒரே கூட்டம், ரம் தீர்ந்துபோய் டீ போட்டேன்.

அதுக்காக அப்பா மாறிட்டார்னு நினைச்சுடாதே. மறுநாள் காலையில, அப்ப இனிமே நாமளும் கனடாக்காரங்கதானான்னு சும்மா சீண்டிப் பார்த்தேன். நேத்து ஒரு நாள் மட்டும்னார். ஏப்ரல் வந்தா கருப்புத் துணியும் கட்டத்தான் போறார், பாரு. ஆனா கொடியை மறுபடி வலைப்பெட்டிக்கு அடியில திணிக்கலை, மடிச்சுக் கதவுக்குப் பின்னால ஆணியில மாட்டி வெச்சிருக்கார். என்னத்துக்குன்னு நான் கேக்கலை.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிர் வரதுக்குள்ள கம்பளிச் சட்டை வாங்கிக்கோ, சண்டை வந்தா அன்னைக்கே தீர்த்துக்கோ. ஆண்டவரும் மாதாவும் உங்க ரெண்டு பேர் தலைமேலயும் கை வெச்சுக் காக்கட்டும். அடுத்த கோடைக்கு மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கட்டாயம் வா. கப்பல் குடாவுக்குள்ள நுழையுறப்ப பனி மூடியிருந்தா அவரைப் பயப்பட வேண்டாம்னு சொல்லு. அப்பா சுடுவார், சத்தம் வர திசையில வந்தா வீடுதான்.

என்றும் உன் நினைப்பா இருக்கிற
அம்மா வினிஃப்ரெட்